நாலாவது பாடம்

2024 அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி. ஸ்காபரோவில் உள்ள என் சட்ட அலுவலகத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். தோளில் பை, காலில் இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்து. ஆறரை மணிக்கு அவருக்கு ஷிஃப்ட். உட்காராமலே தொலைபேசியை நீட்டினார்.

"மேடம், இந்த லெட்டர மட்டும் படிச்சுச் சொல்லுங்க. நான் பத்துத் தடவை படிச்சுட்டேன். என்ன தப்புப் பண்ணேன்னே புரியல."

குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம். கனடாவில் படிப்பை முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு வேலை அனுமதி உண்டு. மாணவர்கள் அதை பி.ஜி.டபிள்யூ.பி. என்பார்கள். எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். வாழ்நாளில் ஒரு தடவைதான் கிடைக்கும். அதற்கு அவர் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம் ஒரே வாக்கியத்தில் இருந்தது: படிப்பின் ஒவ்வொரு பருவத்திலும் நீங்கள் முழுநேர மாணவராக இருந்ததாகத் தெரியவில்லை.

கடிதத்தின் திகதியைப் பார்த்தேன். முதல் நாள், அக்டோபர் 7.

"தம்பி, இண்டைக்கு வேலைக்குப் போகவேண்டாம்" என்றேன்.

அப்போதுதான் உட்கார்ந்தார்.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரோ கல்லூரியோ வேலை பார்த்த இடமோ சொல்லப்போவதில்லை. ஊரைச் சொல்லலாம் என்றார்: மன்னார்குடி. அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து மகனை அனுப்பியிருந்தார். ஒன்ராறியோவில் ஒரு பொதுக் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா, இயந்திரங்களும் மின்சாரமும் கலந்த தொழில்நுட்பப் படிப்பு. 2022 செப்டம்பரில் தொடங்கி 2024 ஏப்ரலில் முடித்தார். மே 6-ஆம் திகதி கல்லூரி முடிப்புக் கடிதம் கொடுத்தது. ஜூன் 7-ஆம் திகதி வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தார். படிப்பு அனுமதி ஜூலை கடைசி வரை இருந்தது. அது முடிவதற்குள் விண்ணப்பித்தவர், முடிவு வரும்வரை முழுநேரமாக வேலை செய்யலாம். குடிவரவு ஒழுங்குவிதிகளின் 186-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஜூன் 10-ஆம் திகதி பிராம்டனில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலையில் சேர்ந்தார்.

அந்த உரிமை முடிவு வந்த கணத்தோடு போய்விடும். மின்னஞ்சல் திங்கள் மாலை 5:40-க்கு வந்திருக்கிறது. அந்த நேரம் அவர் பஸ்ஸில். எட்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து அறைக்கு வந்து, விடியப்புறம் மூன்று மணிக்குத்தான் திறந்து பார்த்திருக்கிறார்.

மதிப்பெண் பட்டியலில் பகுதிநேரம் என்று குறித்திருந்த மூன்றாம் பருவத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

2023 செப்டம்பரில் அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். பக்கத்தில் இருந்தது பிளஸ் டூ படிக்கும் தங்கை. டாக்டர்கள் காலை ஒன்பது, பத்து மணிக்கு வார்டுக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதைத் தங்கையால் புரிந்துகொள்ள முடியவில்லை. அப்பாவுக்குப் பேசவே வரவில்லை. அதனால் தங்கை போனைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் இங்கிருந்து பேசுவார். அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே இரவு பன்னிரண்டரை. பேசி முடித்து, மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அழும் தங்கையைத் தேற்றிவிட்டுப் படுக்க இரண்டு, மூன்று ஆகும். காலை எட்டு மணி வகுப்புகள் ஒவ்வொன்றாக நழுவின. ஆறு பாடத்தில் மூன்றை விட்டுவிட்டார்.

"லீவு எடுக்கலாம்னு தோணலையா?"

"ஃபீஸ் கட்டியாச்சு மேடம். முழுசா விடறதுக்குப் பாதியாவது படிப்போமேன்னு நெனச்சேன்."

இந்த இடத்தில் சட்டம் எப்படி இருக்கிறது என்று சொல்லவேண்டும். நான் பார்த்த பல பிள்ளைகள் விழுந்த குழி இது. கல்லூரி அனுமதித்த விடுப்பை, 150 நாளுக்கு மிகாமல், ஒரு மாணவர் எடுத்தால் பி.ஜி.டபிள்யூ.பி.க்கு அது தடையில்லை. கடைசிப் பருவத்தில் எஞ்சிய ஒன்றிரண்டு பாடத்தை மட்டும் பகுதிநேரமாகப் படித்தாலும் தடையில்லை. நடுவில் ஒரு பருவத்தில் பகுதிநேரமாகிவிட்டால் மட்டும் கதவு மூடிக்கொள்கிறது. அந்தப் பருவத்தில் அவர் ஒரு பாடமும் படிக்காமல் முறைப்படி விடுப்பு எடுத்திருந்தால் தப்பியிருப்பார். நள்ளிரவு தாண்டியும் டாக்டரோடு பேசிவிட்டுப் பாதியாவது படிப்போம் என்று போனதால் மாட்டிக்கொண்டார். இந்த விதியை எழுதியவர்களுக்கு நிர்வாகக் காரணங்கள் இருக்கலாம். அது அநியாயம் என்று நான் நினைக்கிறேன், இன்றைக்கும்.

கல்லூரியில் பாடங்களைக் கைவிடுவதற்கு அவருடைய துறை ஆலோசகர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குடிவரவு பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உரிமம் இல்லாமல் அதைப் பற்றி ஆலோசனை சொல்ல அவருக்கு அனுமதியும் இல்லை. சொல்வதற்கென்றே உரிமம் பெற்றவர் மேல்மாடியில், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருந்தார். அந்தப் படியில் இவர் ஏறவேயில்லை.

நிராகரிப்பு வந்தபின் என் மேசையில் மூன்று கணக்குகள் ஓடத் தொடங்கின. நீதிமன்ற மறுஆய்வுக்கு 15 நாள்: அக்டோபர் 22. இழந்த அந்தஸ்தை மீட்கக் கேட்க 90 நாள்: ஜனவரி 5. பி.ஜி.டபிள்யூ.பி.க்குப் புதிதாக விண்ணப்பிக்க, முடிப்புக் கடிதத்திலிருந்து 180 நாள்: நவம்பர் 2. போதாக்குறைக்கு நவம்பர் 1 முதல் விண்ணப்பிக்கும் எல்லோரும் மொழித் தேர்வுப் பெறுபேறு காட்டவேண்டும் என்று அரசு செப்டம்பரில்தான் அறிவித்திருந்தது. இவரிடம் இருந்தது படிப்பு அனுமதிக்காக எழுதிய அகாடமிக் ஐயெல்ட்ஸ். அது இதற்குச் செல்லாது. ஆக எனக்கு உண்மையான கடைசி நாள் அக்டோபர் 31.

வேறு வழிகளையும் அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். முதலாளி மூலம் வேலை அனுமதி என்றால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று அவர் விளம்பரம் செய்து நிரூபித்து, விண்ணப்பத்துக்கு 1,000 டாலரும் கட்டவேண்டும். நாலு மாதம் வேலை பார்த்த பையனுக்காக அதைச் செய்பவர்கள் குறைவு. சில நாட்டு இளைஞர்களுக்கு ஒப்பந்தப்படி வேலை விசா உண்டு. இந்தியாவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. இன்னொரு படிப்பில் சேரலாம். அதற்கு மன்னார்குடியில் வைக்க இன்னொரு வீடு இல்லை.

நீதிமன்றத்தை நான் பெரிதாக நம்பவில்லை. இந்த அனுமதியின் தகுதிகளைத் தளர்த்த அதிகாரிக்கு உரிமை இல்லை என்று மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அம்மாவுக்கு வருத்தம் என்பது மனதை உருக்கும், தகுதியை மாற்றாது. 2019-இல் வவிலோவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, நீதிபதி பார்ப்பது முடிவு நியாயமான தர்க்கத்தில் நிற்கிறதா என்பதை. அதுவும் அதிகாரியின் முன் இருந்த காகிதங்களை வைத்து. அதிகாரியின் முன் இருந்த மதிப்பெண் பட்டியலில் மூன்றாம் பருவத்துக்கு மூன்றே பாடங்கள். பக்கத்தில் பகுதிநேரம் என்ற குறி.

பட்டியலை மேசையில் விரித்து, வரிவரியாக விரல் வைத்துப் படித்தேன். நாலாம் பருவத்தில் எட்டுப் பாடம் எடுத்திருந்தார். விட்ட மூன்றையும் பிறகு முடித்திருந்தால் ஆறும் மூன்றும் ஒன்பது. எண்ணிப் பார்த்தேன், எட்டுத்தான். ஒரு பாடத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. "சமமானதாக ஏற்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது.

"இந்தப் பாடம் எங்க படிச்சனீங்கள்?"

"அதுவா... அது ஈவினிங் கிளாஸ் மேடம். அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப. காலைல எழுந்திருக்க முடியலன்னு, அதே பாடத்தை சாயங்காலம் ஆறரை மணிக்கு எடுத்தேன். கன்டினியூயிங் எஜுகேஷன்ல தனியா ஃபீஸ் கட்டினேன்."

"எந்தப் பருவத்தில?"

"அதே செமஸ்டர்தான்."

தொலைபேசியில் தேடி ரசீதைக் காட்டினார். 2023 செப்டம்பர் 21.

ஒன்ராறியோவின் பொதுக் கல்லூரிகளில் முழுநேரம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: அந்தப் பருவத்துக்கு வகுத்த பாடங்களில் மூன்றில் இரண்டு பங்கு, அல்லது வகுப்பு மணிகளில் 70 சதவீதம். ஆறில் மூன்று என்றால் பாதி, பகுதிநேரம். ஆறில் நாலு என்றால் மூன்றில் இரண்டு, முழுநேரம். அந்த நாலாவது பாடம் கல்லூரியின் வேறொரு பிரிவின் கணினியில், வேறொரு பட்டியலில் இருந்தது. யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"இந்த ரசீதை விண்ணப்பத்தோடை ஏன் அனுப்பேல்லை?"

தலையைக் குனிந்துகொண்டார். பிராம்டனில் ஒரு கடைத்தொகுதியில் இருந்த ஒருவர் விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். 800 டாலர் வாங்கியிருக்கிறார். அந்த மாலை வகுப்புக் காகிதத்தை இவர் கொடுத்தபோது, "அதிகமா பேப்பர் வச்சா கேள்விதான் வரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கனடாவில் குடிவரவு விண்ணப்பத்துக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்ல வழக்கறிஞரைப் போலச் சட்டத்துறை உரிமம் பெற்றவராக இருக்கவேண்டும், அல்லது உரிமம் பெற்ற ஆலோசகராக இருக்கவேண்டும். உரிமம் இல்லாமல் செய்வதைக் குடிவரவுச் சட்டத்தின் 91-ஆவது பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. உரிமம் பெற்ற ஆலோசகர்களின் பெயர்களை அவர்களுடைய ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பதிவேட்டில் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். பார்த்தேன். அந்த மனிதரின் பெயர் இல்லை.

நிராகரிப்பைப் பார்த்த காலையில் இளைஞர் அந்த மனிதரிடம்தான் முதலில் போயிருக்கிறார். அவர் இன்னொரு யோசனை சொன்னாராம்: அகதிக் கோரிக்கை போடு, வேலை அனுமதி தானாக வரும்.

அதைக் கேட்டதும் எனக்குச் சிறிது நேரம் பேச வரவில்லை. 1989-இல் என் அப்பா இந்த நகரத்தில் அகதிச் சபையின் முன் உட்கார்ந்தார். முதுகுத் தழும்பைக் காட்டச் சட்டையைக் கழற்றினார். நான் வெளியே தாழ்வாரத்தில் அம்மாவின் மடியில் இருந்தேன். திரும்பிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்த அப்பாவின் விரல்கள் நடுங்கியது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. உயிர் தப்பி வருகிறவர்களுக்காகத் திறந்த கதவை இப்படிப் பயன்படுத்தச் சொல்கிறவர்களை நான் மன்னிப்பதில்லை. சட்டப்படியும் அது பொறி. கோரிக்கை போடும்போதே நிபந்தனையோடு வெளியேற்ற உத்தரவு எழுதப்படும். கோரிக்கை தோற்றால் அது உயிர் பெறும். இல்லாத பயத்தைச் சொன்னது தெரிந்தால் பொய்யுரைத்த குற்றம், ஐந்து வருடத் தடை.

"நீங்க அப்படிச் செய்யேல்லைத்தானே?"

"இல்ல மேடம். எங்கப்பாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

அன்றே அந்த வழக்கை எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 14 நன்றியறிதல் நாள் விடுமுறை. 16-ஆம் திகதி அவரோடு நானே கல்லூரிக்குப் போனேன். இப்படிப்பட்ட வேலைக்கு வழக்கறிஞர் நேரில் போவது வழக்கமில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் வர பத்து வேலைநாள் ஆகும் என்று தானியங்கிப் பதில் வந்திருந்தது. என்னிடம் பத்து நாள் இல்லை.

பதிவாளர் அலுவலகம் நீண்ட தாழ்வாரம். ஒரு முனையில் பகல் படிப்புகளின் சாளரம், மறுமுனையில் தொடர்கல்விச் சாளரம். நடந்தால் நாற்பது அடி. பகல் சாளரத்தில் இருந்த பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்று வரி, பகுதிநேரக் குறி. "எங்கள் கணினி தொடர்கல்வியை எண்ணாது" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, அவருக்கு அது உண்மை. மறுமுனைக்குப் போனோம். அங்கிருந்த வயதான ஊழியர் ஒரு பக்கப் பட்டியலை அச்சிட்டுத் தந்தார். பாட எண் அதே. தலைப்பு அதே. 42 வகுப்பு மணிகள். ஆசிரியர் பெயரும் அதே. பகலில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அவர்தான் அதைக் கற்பித்தார். இரண்டு தாளையும் பகல் சாளரத்தின் முன்னால் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தேன். அந்தப் பெண் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். இருபது நிமிடம் கழித்து ஒரு மேலதிகாரியோடு வந்தார். கடிதம் தரலாம், ஆனால் துறையின் உறுதிமொழி வேண்டும் என்றார்கள். அதற்கும் நாள் ஆகும்.

அக்டோபர் 21 வரை கடிதம் வரவில்லை. அன்று மத்திய நீதிமன்றத்தில் மறுஆய்வு மனுவைத் தாக்கல் செய்தேன். கட்டணம் 50 டாலர். அந்த மனு பலவீனமானது என்று எனக்குத் தெரியும். அதிகாரி காணாத காகிதத்தை வைத்து அதிகாரி தவறினார் என்று வாதிப்பது கஷ்டம். ஆனால் 15 நாள் போய்விட்டால் அந்த வழியும் அடைபடும். ஒரு கதவையாவது கால் வைத்துத் திறந்தபடி வைத்திருக்க நினைத்தேன்.

25-ஆம் திகதி வெள்ளிக்கிழமை பிற்பகல் கடிதம் வந்தது. வகுக்கப்பட்ட ஆறு பாடங்களில் மாணவர் நாலைப் படித்தார், அது 66.67 சதவீதம், கல்லூரியின் வரையறைப்படி அந்தப் பருவத்தில் அவர் முழுநேர மாணவர். நாலே வரி.

வார இறுதி முழுவதும் விளக்கக் கடிதம் எழுதினேன். அந்தஸ்து மீட்பும் புதிய பி.ஜி.டபிள்யூ.பி.யும் ஒரே விண்ணப்பமாக. அதில் திங்கள் இரவின் எட்டு மணி நேர வேலையையும் எழுதினேன். முடிவு வெளியான பின் செய்த வேலை அது, அறியாமல் செய்தது. மின்னஞ்சல் வந்த நேரம், அவர் வேலைக்குள் நுழைந்த நேரம், கடிதத்தைத் திறந்த நேரம் மூன்றையும் ஆதாரத்தோடு வைத்தேன். இதைச் சொல்லவேண்டுமா என்று அவர் கேட்டார். சொல்லாமல் விட்டு, பிறகு சம்பளச் சீட்டில் அவர்கள் கண்டுபிடித்தால் எட்டு மணி நேரப் பிழை ஐந்து வருடப் பொய்யாகிவிடும் என்றேன். அவர் தலையாட்டினார். அக்டோபர் 29 இரவு அனுப்பினோம். வேலை அனுமதிக்கு 155, அதன் திறந்த வகைக்கு 100, அந்தஸ்து மீட்புக்குத் தனியாக. நண்பர்கள் சேர்த்துக் கொடுத்த காசு.

அதன்பின் ஐந்து மாதம் அவரால் வேலை செய்ய முடியவில்லை. அந்தஸ்து மீட்புக்கு விண்ணப்பித்தவர் நாட்டில் இருக்கலாம், உழைக்க முடியாது. மாதாமாதம் மன்னார்குடிக்குப் போகவேண்டிய பணம் மன்னார்குடியிலிருந்து வந்தது. பிராம்டனில் நிலவறை ஒன்றில் நாலு பேரோடு இருந்தார். சமையல் முழுவதும் அவருடைய பொறுப்பு, அதற்காக வாடகையில் குறைத்துக்கொண்டார்கள். பனி பெய்த ஒரு நாள் அழைத்து, அம்மா "தம்பி" என்று முழுச் சொல்லாகச் சொல்லிவிட்டார் என்றார். வழக்கைப் பற்றி அன்று எதுவும் கேட்கவில்லை.

2025 மார்ச்சில் அனுமதி வந்தது. இரண்டு வருடப் படிப்பு என்பதால் மூன்று வருடத்துக்கு. நீதிமன்ற மனுவைத் திரும்பப் பெற்றேன். பழைய தொழிற்சாலையில் அவருடைய இடத்தை நிரப்பிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் வேறிடம் கிடைத்தது.

கோப்பை மூட வந்தவர், மேசையில் கிடந்த ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். நிரந்தர வதிவிடத்துக்கான கனடிய அனுபவப் பிரிவுக்கு ஒரு வருடத் திறன் வேலை, 1,560 மணி நேரம் வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் எண்ணமாட்டார்கள். ஜூன் 10 முதல் அக்டோபர் 6 வரை 17 வாரம், 510. எஞ்சியது 1,050. முப்பத்தைந்து வாரம்.

அந்தத் திங்கட்கிழமை இரவின் எட்டு மணி நேரத்தை அவர் சேர்க்கவில்லை.